ஒரு கோட்பாடு இன்னொரு கோட்பாட்டுக்குச் சான்றாகுமா? லெமூரியாவை முன்வைத்து ஒரு விளக்கம்

2017-ன் தொடக்கத்தில் மொரீஷியஸ் தீவிலிருந்து ஒரு செய்தி வந்தது. அந்தத் தீவின் எரிமலைப் பாறைக்குள் சிர்க்கான் என்ற கனிமத்தின் நுண்துகள்கள் கிடைத்தன. தீவுக்கு வயது சுமார் 90 லட்சம் ஆண்டுகள்தான். துகள்களுக்கோ 250 கோடி முதல் 300 கோடி ஆண்டுகள். அடியில் பழைய கண்டத் துண்டு ஒன்று புதைந்து கிடக்கிறது, எரிமலைக் குழம்பு மேலே வரும் வழியில் அதிலிருந்து இவற்றை அள்ளி வந்திருக்கிறது என்றது ஆய்வு. உலக ஊடகங்கள் ‘தொலைந்த கண்டம்’ என்று தலைப்புப் போட்டன. தமிழ்ச் சமூக ஊடகங்களில் அது ‘குமரிக்கண்டம் நிரூபணம்’ ஆகிவிட்டது.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் கிளம்பும் வாதம் ஒன்றுண்டு. ‘இந்தியப் பெருங்கடலில் லெமூரியா என்ற பெருநிலம் இருந்ததாக வெள்ளைக்கார அறிவியலாளரே கோட்பாடு சொல்லியிருக்கிறார், ஆகவே குமரிக்கண்டம் உண்மை’ என்பது அது. எதிர்த்தரப்பும் அவசரப்பட்டு, ‘கோட்பாடு எப்படி ஆதாரமாகும்? பொருளைக் காட்டு’ என்கிறது. இரண்டுமே சரியில்லை. அறிவியலில் ஒரு கோட்பாடு இன்னொன்றுக்குச் சான்றாக நிற்பது அன்றாடம் நடக்கிற விஷயம். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. லெமூரியாவின் கதையிலேயே அவை எல்லாம் வந்துவிடுகின்றன என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் சில சொற்கள்

1. தரவு: அளந்தது, கண்டது, தோண்டி எடுத்தது.
2. கருதுகோள்: தரவை விளக்க முன்வைக்கும், இன்னும் சோதிக்கப்படாத யோசனை.
3. கோட்பாடு: பலவகைத் தரவுகளை ஒரே காரணத்தால் விளக்குவதோடு, இன்னும் பார்க்காததையும் முன்கூட்டிச் சொல்வது.
4. சான்று: ஒரு கூற்றை நம்புவதற்கான காரணத்தைக் கூட்டுவது அல்லது குறைப்பது எதுவோ அது. நிரூபணம் இதைவிடப் பெரிய சொல்; இங்கே அது தேவையில்லை.

தரவு ஒரு பக்கம், கோட்பாடு மறுபக்கம் என்று கோடு கிழிப்பது எளிதல்ல. சிர்க்கானுக்கு 300 கோடி வயது என்றோம். அந்த வயதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. கருவி அளந்தது யுரேனியத்துக்கும் ஈயத்துக்கும் உள்ள விகிதத்தை. யுரேனியம் சிதைந்து ஈயமாகும் வேகம் மாறாதது என்கிற கதிரியக்கக் கோட்பாடுதான் அந்த விகிதத்தை ஆண்டுக்கணக்காக மாற்றுகிறது. ‘பொருளைக் காட்டு’ என்று கேட்பவர் கையில் கொடுக்கப்படும் பொருளுக்குள்ளேயே ஒரு கோட்பாடு உட்கார்ந்திருக்கிறது.

1864: லெமூரியா பிறந்த விதம்

பிலிப் ஸ்கிளேட்டர் இங்கிலாந்தின் விலங்கியலாளர். லெமூர் என்ற விலங்கினம் மடகாஸ்கரில் ஏராளம். பக்கத்திலிருக்கும் ஆப்பிரிக்காவில் அதன் உறவினங்கள் கொஞ்சம். கடல் தாண்டி இந்தியாவிலும் கொஞ்சம். இந்தியாவில் உள்ள அந்த உறவுக்காரர் நமக்குத் தெரிந்தவர்தான்: தேவாங்கு. 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்க் காடுகளில் சரணாலயம் அறிவிக்கப்பட்டதே, அதே தேவாங்கு. நடுவில் இவ்வளவு கடல் கிடக்கும்போது உறவுள்ள விலங்குகள் இரு கரையிலும் எப்படி வந்தன? இடையில் ஒரு பெருநிலம் இருந்து உடைந்துபோயிருக்க வேண்டும் என்றார் ஸ்கிளேட்டர். லெமூரை வைத்து அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார்.

அன்றைய நிலையில் இது நல்ல கருதுகோள். உறவுள்ள உயிர்கள் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்றால், அந்த மூதாதை ஏதோ ஓரிடத்தில் வாழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? உயிர்களின் வம்சவழி பற்றிய கோட்பாடு, நிலத்தின் வரலாறு பற்றிய ஒரு கூற்றுக்கு இங்கே சான்றாக நின்றது. குறை அதில் இல்லை. கண்டங்கள் நின்ற இடத்தை விட்டு அசையாதவை என்று அன்று எல்லாரும் வைத்திருந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத அனுமானத்தில் இருந்தது. இடையில் நிலத்தொடர்பு இருந்தது, ஆனால் நிலம் நகராது என்றால் மிஞ்சுகிற ஒரே வழி, நிலம் மூழ்கியது என்பதுதான்.

தூக்குக்குண்டு சொன்ன செய்தி

லெமூரியாவுக்கு எதிரான பெரிய சான்று கடலில் கிடைக்கவில்லை. இந்தியாவை அளந்த கணக்கில் கிடைத்தது, அதுவும் லெமூரியா என்ற பெயரே பிறப்பதற்கு முன்.

1802-ல் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அங்கே தொடங்கிய முக்கோண அளவை தெற்கே குமரி வரையும் வடக்கே இமயத்தின் அடிவாரம் வரையும் போனது. லாம்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அதை நடத்தினார். வடக்கே கலியானா, மத்திய இந்தியாவில் கலியான்பூர் என்ற இரு நிலையங்கள். இவற்றுக்கு இடையே சுமார் 600 கிலோமீட்டர். இவற்றின் அட்சரேகை வித்தியாசம் இரு வழிகளில் கணக்கிடப்பட்டது. தரையில் முக்கோணம் முக்கோணமாக அளந்து வந்த விடைக்கும், நட்சத்திரங்களைப் பார்த்து வந்த விடைக்கும் 5.236 விகலை வேறுபாடு இருந்தது. விகலை என்பது ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு. தரையில் பார்த்தால் ஏறக்குறைய 160 மீட்டர்.

எவரெஸ்ட் போன்றவர்கள் அளந்த கணக்கில் 160 மீட்டர் சின்னப் பிழையல்ல. நட்சத்திரத்தைப் பார்க்கும் கருவியைச் செங்குத்தாக நிறுத்துவது தூக்குக்குண்டு. கலியானாவுக்கு அருகே இமயமலை நிற்கிறது. அவ்வளவு பெரிய மலை குண்டைத் தன் பக்கம் இழுக்கும் அல்லவா? கல்கத்தாவில் திருச்சபை ஆர்ச்டீக்கனாக இருந்த ஜான் ஹென்றி பிராட், கணிதத்திலும் கைதேர்ந்தவர். நியூட்டனின் ஈர்ப்பு விதியை வைத்து இமயத்தின் இழுப்பைக் கணக்கிட்டார். 15.885 விகலை வேறுபாடு வர வேண்டும் என்று விடை வந்தது. உண்மையில் இருந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. மலை, தன் பருமனுக்கு ஏற்றபடி இழுக்கவில்லை.

1855-ல் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மலைக்கு அடியிலும் லேசான பாறை வேர்போல ஆழமாக இறங்கியிருக்கிறது. கீழே உள்ள கனமான பாறைக்குப் பதில் லேசான பாறை இருப்பதால் இழுப்பு குறைகிறது என்றார். பிராட் வேறு மாதிரிச் சொன்னார்: உயரமான நிலத்தின் பாறைக்கு அடர்த்தியே குறைவு. விவரத்தில் வேறுபட்டாலும் இருவரும் சொன்னதன் சாரம் ஒன்று. நிலத்தின் மேலோடு கீழுள்ள கனமான அடுக்கின்மேல் மிதந்து சமநிலையில் நிற்கிறது. பின்னாளில் ஐசோஸ்டசி என்று பெயர் பெற்ற கோட்பாடு இது.

பிராட்டுக்கும் ஏரிக்கும் லெமூரைப் பற்றியோ தேவாங்கைப் பற்றியோ எந்தக் கவலையும் இல்லை. இந்தக் கதையில் மிக முக்கியமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி விளைவைப் பார்ப்போம். கண்டத்தின் பாறைக்கு அடர்த்தி (ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில்) சராசரியாக 2.7, கடலடி மேலோட்டுக்கு சுமார் 3.0, அதற்குக் கீழுள்ள கவசத்துக்கு 3.3. லேசான கண்டம் கனமான கவசத்துக்குள் முழுகி ஆழ்கடல் தளமாக மாற வழியில்லை. ஒரு முழுக் கண்டம் ‘மூழ்கியது’ என்று சொன்னால், அத்தனை லேசான பாறையும் எங்கே போனது என்று சொல்ல வேண்டியிருக்கும். மூழ்கிய கண்டங்களின் கதை தடுமாறத் தொடங்கியது இங்கேதான்.

அதே கோட்பாடு வெகெனர் கையில்

1912-ல் கண்டப் பெயர்ச்சியை முன்வைத்த ஆல்ஃபிரட் வெகெனர் இந்த வாதத்தை நேராகப் பயன்படுத்தினார். குளோசோப்டெரிஸ் என்ற தாவரத்தின் புதைபடிவங்கள் தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாவற்றிலும் உள்ளன. நிலங்களுக்குள் தொடர்பு இருந்தது உறுதி. இடையில் இருந்த நிலப்பாலம் மூழ்கியது என்றால் ஐசோஸ்டசி குறுக்கே நிற்கிறது. எனவே நகர்ந்தவை கண்டங்களே.

இது விலக்கிக்கொண்டே வருகிற வாதம். இதில் ஒரு கண்ணி உண்டு. மூன்று வழிகள் இருந்தன: நிலப்பாலம் மூழ்கியது, கண்டங்கள் நகர்ந்தன, உயிர்கள் கடலைத் தாண்டின. ஐசோஸ்டசி முதல் வழியைத்தான் அடைத்தது. மற்ற இரண்டில் எது என்று அது சொல்லவில்லை.

வெகெனரை எதிர்த்தவர்களும் ஒரு கோட்பாட்டைத்தான் கையில் எடுத்தார்கள். கண்டங்களைத் தள்ளுவதாக வெகெனர் சொன்ன விசைகள் மிகமிகச் சின்னவை என்று ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரி. அதிலிருந்து ‘கண்டங்கள் நகரவே முடியாது’ என்று போனது தவறு. அந்த விசைகள் போதாது என்பதுதான் நிரூபணமானது. வேறு விசையே கிடையாது என்பது நிரூபணமாகவில்லை. 1920-களின் பிற்பகுதியிலேயே ஆர்தர் ஹோம்ஸ், கவசத்தின் பாறை வெப்பத்தால் மெதுவாகச் சுழல்கிறது என்று வேறொரு வழி சொல்லியிருந்தார். பலர் காதில் அது ஏறவில்லை.

இரண்டு கோட்பாடுகள் ஒன்றையொன்று தூக்கிவிட்ட இடம்

முடிவு வந்தது 1960-களில். அதுவும் லெமூரியா இருந்ததாகச் சொல்லப்பட்ட அதே கடலில்.

கடலடி முகடுகளில், அதாவது கடலுக்கடியில் நீளும் மலைத்தொடர்களில், புதிய தளம் உருவாகி இருபுறமும் விரிகிறது என்று 1962-ல் ஹாரி ஹெஸ் எழுதினார். அது அப்போது துணிச்சலான ஊகம்தான். புவியின் காந்தப்புலம் அவ்வப்போது வடக்கு தெற்காக மாறுகிறது என்பது இன்னொரு கோட்பாடு. தரையில் உள்ள எரிமலைப் பாறைகளின் வயதைக் கணக்கிட்டுத் தனியாக நிறுவப்பட்டு வந்தது. எரிமலைப் பாறை உறையும்போது அன்றைய காந்தத் திசையைத் தன்னுள் பதிந்துகொள்ளும். எனவே இரண்டையும் சேர்த்தால் ஒரு கணிப்பு கிடைக்கிறது: முகட்டுக்கு இருபுறமும், ஒன்றுக்கொன்று இணையாக, காந்தத் திசை மாறி மாறி வரும் பட்டைகள் இருக்க வேண்டும். 1963-ல் ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூசும் இதை எழுதியபோது கையில் வைத்திருந்த முக்கியத் தரவு, இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையிலுள்ள கார்ல்ஸ்பெர்க் முகட்டில் எடுத்த அளவீடு. வேறு முகடுகளிலும் பட்டைகள் தெளிவாகத் தெரிந்ததும் 1967, 1968-க்குள், புவியின் மேற்பரப்பு நகரும் தட்டுகளால் ஆனது என்கிற புவித்தட்டுக் கோட்பாடு நிலைபெற்றுவிட்டது.

விரிவு மட்டும் இருந்து காந்தமாற்றம் இல்லை என்றால் பட்டை வராது. காந்தமாற்றம் இருந்து விரிவு இல்லை என்றாலும் வராது. இரண்டும் இருந்தால் மட்டுமே வருகிற ஒன்று வந்தது. ஒன்று தரையில் பிறந்த கோட்பாடு, மற்றது கடலில் பிறந்தது. இரண்டும் ஒரே வாயிலாகத் தரவை வாங்கவில்லை. அதனால்தான் அவை ஒன்றுக்கொன்று சான்றானது செல்லும்.

எப்போது செல்லும், எப்போது செல்லாது

ஒரு கோட்பாடு இன்னொன்றுக்கு ஜாமீன் போடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஜாமீன்தாரருக்குச் சொந்தச் சொத்து இருக்க வேண்டும். கடன்காரரின் வீட்டையே தன் சொத்தாகக் காட்டக்கூடாது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருபவை.

1. துணைக்கு வரும் கோட்பாடு, துணை கேட்கும் கூற்றை நம்பாமலே தன் காலில் நிற்க வேண்டும். ஐசோஸ்டசி நின்றது. லெமூரியா நிற்கவில்லை; லெமூர்ப் பரவலை விளக்க லெமூரியா, லெமூரியாவுக்கு ஆதாரம் லெமூர்ப் பரவல் என்று அது வட்டத்துக்குள்ளேயே சுற்றியது.

2. அந்தக் கோட்பாடு இன்றும் உயிரோடு இருக்க வேண்டும். கைவிடப்பட்ட கோட்பாட்டை ‘அறிஞர் சொன்னார்’ என்று காட்டினால் அறிஞரின் பெயர் கிடைக்கும், சான்று கிடைக்காது.

3. காலமும் அளவும் பொருந்த வேண்டும். இதில்தான் பெரும்பாலான வாதங்கள் சறுக்குகின்றன.

4. சான்று கைமாறிக் கைமாறிப் போகாது. அ என்பது ஆ-வுக்குத் துணை, ஆ என்பது இ-க்குத் துணை என்பதால் அ என்பது இ-க்குத் துணையாகிவிடாது. ‘இந்தியப் பெருங்கடலில் நிலம் இருந்தது’ என்பதற்குக் கிடைக்கும் துணை, ‘அந்த நிலத்தில் தமிழ்ச் சங்கம் நடந்தது’ என்பதற்கு ஒரு அங்குலம்கூட நகராது.

5. எதிராகவும் நிற்கத் தயாராக இருக்க வேண்டும். சாதகமான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

லெமூருக்குக் கடைசியில் கிடைத்த விடை

கண்டங்கள் நகர்ந்தன என்பதால் லெமூர்ப் புதிர் தானாகத் தீர்ந்தது என்று பல இடங்களில் படிக்கலாம். அப்படி இல்லை. மடகாஸ்கர் ஆப்பிரிக்காவிலிருந்து பிரிந்தது சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன்; இந்தியாவிலிருந்து பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். லெமூரின் முன்னோர் மடகாஸ்கரை அடைந்ததாகக் கணிக்கப்படுவது அதற்கெல்லாம் வெகுகாலம் பின்பு. ஆகவே அவை கடலைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். வெள்ளத்தில் வேரோடு அடித்துவரப்பட்ட மரத்திரளில் தொற்றிக்கொண்டு வந்திருக்கலாம் என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம்.

இன்றைய நீரோட்டம் அதற்கு ஏற்றதல்ல என்ற ஆட்சேபம் இருந்தது. புவித்தட்டுக் கோட்பாட்டின்படி அன்று மடகாஸ்கர் இன்னும் தெற்கே இருந்தது. அந்த இடத்தில் வைத்து 2010-ல் கணினியில் நீரோட்டத்தைக் கணக்கிட்டபோது, ஆப்பிரிக்காவிலிருந்து மடகாஸ்கரை நோக்கி ஓட்டம் இருந்திருக்கும் என்று வந்தது. லெமூரியாவை வீழ்த்திய கோட்பாடு, வெகெனர் பெரிதாகக் கண்டுகொள்ளாத மூன்றாவது வழிக்கு வந்து துணை நின்றது. விலக்கல் வாதத்தில் பட்டியலை முழுசாக எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மொரீஷியஸ் துண்டும் குமரிக்கண்டமும்

இப்போது சிர்க்கானுக்கு வருவோம். மொரீஷியஸின் அடியில் கண்டத்துண்டு இருப்பது ஐசோஸ்டசிக்கு முரணில்லை. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தில் இழுபட்டு மெலிந்த துண்டு அது. மெலிந்த மேலோடு தாழ்ந்துதான் மிதக்கும். மேலே எரிமலைக் குழம்பும் மூடிவிட்டது. நியூசிலாந்தைச் சுற்றியுள்ள சீலாந்தியாவும் இந்த வகைதான். அதில் 94 சதவீதம் நீருக்குள் கிடக்கிறது. ஆக, ‘கண்டத்துண்டு நீருக்குள் போகவே போகாது’ என்று மறுப்பவர்களும் அடக்கி வாசிக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பிரிவு நடந்தது 8 கோடி ஆண்டுகளுக்கும் முன். டைனோசர்கள் உலவிய காலம். நம் மனித இனத்தின் வயதோ சுமார் 3 லட்சம் ஆண்டு. மூன்றாவது நிபந்தனையில் இந்தச் சான்று விழுந்துவிடுகிறது.

குமரி பற்றிய இலக்கியச் செய்தி வேறொரு தளத்தில் இருக்கிறது. பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இடைப்பட்ட நிலம் எழுநூற்றுக் காவதம், நாடுகள் நாற்பத்தொன்பது என்று விரித்தவர் பல நூற்றாண்டுகள் பின்வந்த உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். பிற்காலத்தில் சிலர் இதற்கு லெமூரியாவையும், லெமூரியாவுக்கு இதையும் சான்றாக்கினார்கள். சொத்தில்லாத இருவர் ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்ட கதை.

கடல்மட்டக் கோட்பாடு எவ்வளவு தரும்?

குமரிச் செய்திக்குத் துணைகேட்டுப் போகக்கூடிய உயிருள்ள கோட்பாடு ஒன்று உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகியதால் ஏறிய கடல், சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரும்பாலும் இன்றைய மட்டத்துக்கு அருகே வந்துவிட்டது. இதன் அடிப்படைத் தரவுகளில் ஒன்று கரீபியன் கடலில் பார்படோஸ் தீவின் பவளப்பாறைகள். தமிழ் இலக்கியத்தின் வாடையே படாத தரவு. முதல் நிபந்தனை நிறைவேறுகிறது. காலமும் மனிதர் வாழ்ந்த காலம்தான். ஆழம் குறைந்த பாக் நீரிணை அன்று தரையாக இருந்து, இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாக இருந்தன. தேவாங்கு இரு பக்கமும் இருப்பதற்கு லெமூரியா தேவையில்லை, இதுவே போதும்.

இந்தக் கோட்பாடு தருவதற்கும் எல்லை உண்டு. குமரிமுனைக்குத் தெற்கே மீனவர்கள் நன்கறிந்த வாட்ஜ் திட்டு என்ற ஆழம் குறைந்த பரப்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஒருகாலத்தில் தரையாக இருந்திருக்கும் என்பதைக் கடல்மட்டக் கோட்பாடு தாராளமாகத் தாங்கும். திட்டைத் தாண்டினால் ஆழம் ஆயிரக்கணக்கான மீட்டருக்கு இறங்குகிறது. 120 மீட்டர் ஏறிய கடலால் அங்கே ஒரு நாட்டையும் மூழ்கடித்திருக்க முடியாது. ஒரு காவதத்தை ஒரே ஒரு மைல் என்று சுருக்கினாலும் எழுநூறு காவதம் எழுநூறு மைல். அது திட்டுக்குள் அடங்காது. மூழ்கிய கரையின் நினைவு தலைமுறை தலைமுறையாக வந்து பாட்டில் ஏறியதா என்பதும் கடல்மட்டம் பதில் சொல்லும் கேள்வியல்ல. அதற்கு வேறு துறையின் சான்று வேண்டும். திட்டின் அடியில் துளையிட்டு எடுக்கும் மண்ணில் ஆற்றுப் படிவும் நன்னீர்ச் சிப்பியும் இருக்கின்றனவா என்பதை மட்டும், லெமூரியாவின் பெயரை இழுக்காமலே, இப்போதும் தேடிப் பார்க்கலாம்.